உறை போட்ட சான்றிதழ்

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இரண்டே மேசைகள். ஒன்று, தட்டச்சு செய்யும் என்னுடையது. மற்றது வரிசை அக்காவுடையது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கித் தருவது அவள் தொழில். முதலில் கல்வித்துறை, அடுத்து வெளியுறவுத்துறை, கடைசியில் அந்த நாட்டின் தூதரகம். முந்தைய ஆள் போட்ட கையெழுத்து அசல்தான் என்று சொல்ல ஒவ்வொரு இடத்திலும் ஒரு முத்திரை. இதற்கு மூன்று வரிசையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலை ஆறு மணிக்கே போய் முதல் ஆளாக நிற்பாள்.

அவள் முதன்முதலில் அங்கே நின்றது, வெளிநாட்டில் இறந்துபோன கணவனின் உடலைக் கொண்டுவரும் காகிதங்களுக்காக. எந்த ஜன்னலுக்குப் போவது என்று சொல்லக்கூட நாதியில்லாமல் பதினேழு நாள் அலைந்திருக்கிறாள். அந்த ஆத்திரத்தில் பிடித்ததுதான் இந்தத் தொழில்.

அவளுக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. லேமினேஷன்! பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது; எந்த அலுவலகத்திலும் தொடமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், நர்ஸ் வேலை பார்க்கும் மகளோடு வந்தார். பையைத் திறக்கும்போதே முகத்தில் பெருமை.

"எல்லாத்தையும் பத்திரமா லேமினேஷன் பண்ணி வெச்சிருக்கேம்மா."

"நல்ல காரியம் பண்ணீங்க ஐயா! இது மேல எவன் முத்திரை குத்துவான்?"

"புதுசு கேட்டு வாங்க முடியாதா?"

"நாலு மாசம் ஆகும்."

வெளிநாட்டு மருத்துவமனை கொடுத்திருந்த கெடு இருபத்தைந்து நாள். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு.

"நானே எம்பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனே" என்றார் டிரைவர். நாலு வார்த்தை கேட்க எனக்கும் நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

உரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அக்கா மாடியிலிருந்த அழகு நிலையத்தில் ஹேர் டிரையர் இரவல் வாங்கி வந்தாள். தேவைப்படாத பள்ளி நடத்தைச் சான்றிதழில் முதலில் சோதனை. சூடு காட்டி ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். காகிதம் குறுக்கே கிழிந்தது. டிரைவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"குடுங்கக்கா" என்றாள் மகள். "மேல தூக்கி இழுக்கக் கூடாது. வயசானவங்களுக்குப் பிளாஸ்திரி எடுக்கிறப்ப இப்படி இழுத்தா தோலும் சேர்ந்து வந்துரும்."

நர்ஸிங் சான்றிதழை எடுத்தாள். ஒரு கையால் காகிதத்தை அழுத்தி, மறு கையால் பிளாஸ்டிக்கைப் பின்பக்கமாக மடித்து, இம்மி இம்மியாக நகர்த்தினாள். அக்கா சூடு காட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் நான் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. பதிவாளர் கையெழுத்து வந்ததும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மை அசையவில்லை. எழுத்தில்லாத ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குப் பிய்ந்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் மூன்றாவது முத்திரையும் விழுந்தது. சான்றிதழை வாங்கிய டிரைவர் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இனிமே லேமினேஷன் பண்ணிக்கலாமாம்மா?"

நான் வெடித்துவிட்டேன். "உங்களுக்கு இன்னும் புத்தி வரலையா? அங்கேயும் முத்திரை குத்துவாங்க. அசல் உங்க பொண்ணுகூடத்தான் போகணும்!"

"அப்படியா தம்பி? எனக்குத் தெரியாது. என்னிக்காவது வெளியூர் போயிருவா, இதையாவது சுவத்துல மாட்டிப் பார்த்துக்கலாம்னுதான் அன்னிக்கே பண்ணி வெச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகள் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா சான்றிதழை வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அசலோடு ஒரு கலர் நகலும் இருந்தது. லேமினேஷன் செய்த நகல். இன்னும் சூடு ஆறவில்லை.

"இது உங்களுக்கு ஐயா. சுவத்துல மாட்டுங்க. எந்த ஆபீசுக்கும் தூக்கிட்டுப் போயிராதீங்க."

டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.