ஒரு பீப்பாயும் சில 'போயிட்டு வர்றேன்'களும்

அந்த பப்புக்குள் நாங்கள் முதல்முறை நுழைந்ததற்குக் காரணம் மழை. தாகம் என்று சொன்னால் கௌரவக் குறைவு. ரசனை என்று சொன்னால் பொய். இரண்டாயிரத்துப் பதினொன்றின் குளிர்காலம், மெல்பர்ன். அலுவலகம் விட்டு டிராம் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். அந்த ஊர்க் காற்று தன் வழக்கப்படி எங்கள் குடைகளைப் பூவாக மலர்த்திவிட்டது. எதிர் மூலையில் ஒரு கதவு வெளிச்சமாகத் தெரிந்தது.

"தம்பி, உள்ளுக்கை போவம். நனைஞ்சு காய்ச்சல் வந்தா மனிசி என்னைத்தான் ஏசும்" என்றார் அண்ணன்.

அண்ணன் சொந்த அண்ணன் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் கணக்காளர், என்னைப் போலவே கிரான்பர்ன் என்ற புறநகரின் வாசி. ஒரே ரயிலில் போய் வந்து ஏற்பட்ட உறவு. ஐம்பதை நெருங்கும் ஒருவனைத் தம்பி என்று கூப்பிட அந்தக் கண்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அதற்காகவே அவர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போனேன்.

விக்டோரியா மாநிலத்தில் விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடம் அது. ராணி அந்தப் பக்கம் ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை. பெயரை மட்டும் அனுப்பிவைத்தார். இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையைச் சீவியெடுத்து அங்கே கதவை வைத்திருந்தார்கள். வெளிச்சுவரில் இடுப்புயரத்துக்குப் பச்சை டைல்ஸ். எங்கள் ஊரில் அப்படிப் பதித்திருந்தால் அது ஆஸ்பத்திரி, இல்லையென்றால் அதைவிட அவசரமான இடம். உள்ளே கரிய மரத்தில் நீண்ட பார், காலை ஊன்றிக்கொள்ளப் பித்தளைக் கம்பி, பல தலைமுறைகளின் சிந்தலை உள்வாங்கிய கம்பளம், கணப்பில் நெருப்பு.

பாரின் நடுவில், பளபளக்கும் குழாய்களுக்கு மத்தியில், ஓர் அடிபம்பு இருந்தது.

சத்தியமாக அடிபம்புதான். நீண்ட கைப்பிடி, வளைந்த மூக்கு. குடத்தோடு வரிசையில் நின்று, முறை தவறியவர்களின் வம்சத்தையே விசாரித்த தெருவில் வளர்ந்தவன் நான். அதே சாதனம் இங்கே மெருகேறிய பீங்கான் கைப்பிடியோடு பீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த அம்மையார் அதை நிதானமாக இழுத்தார். பப்பை நடத்துபவர் அவர்தான். என்னை 'லவ்' என்று அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். அந்தச் சொல்லை என்னை நோக்கி யாரும் பிரயோகித்து வெகுகாலம் ஆகியிருந்ததால், பதற்றத்தில் அடிபம்பைக் கைகாட்டிவிட்டேன்.

வந்தது ஏல். குளிரூட்டாத பீர். சூடும் இல்லை, சில்லென்றும் இல்லை. மார்கழியில் மண்பானைத் தண்ணீர் இருக்குமே, அந்தப் பதம். கருகிய ரொட்டி ஓரம், கருப்பட்டி, கடைசியில் வேப்பங்கொழுந்து மாதிரி ஒரு கசப்பு. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கணப்பு வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"எப்படிண்ணே?"

"கசாயம்" என்றார். பிறகு இன்னொரு வாய் குடித்தார். "ஆனா நல்ல கசாயம்."

அப்படித்தான் வாரம் ஒருமுறை போகத் தொடங்கினோம். முதலில் வெள்ளிக்கிழமை என்று வைத்திருந்தோம். ஒருநாள் அம்மையார் பெருமையாக, இந்த ஏல் இவ்வளவு தெளிவாக இருப்பது எதனால் தெரியுமா என்று கேட்டு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையால் என்று தானே பதிலும் சொன்னார். அண்ணன் வெள்ளிக்கிழமை மரக்கறி, அதாவது சுத்த சைவம். கையிலிருந்த கண்ணாடிக் குவளையை, அதில் மீன் நீந்துவதுபோல மெதுவாகக் கீழே வைத்தார். மறுவாரத்திலிருந்து எங்கள் நாள் வியாழன் ஆயிற்று.

அம்மையாரின் கணவர் இங்கிலாந்துக்காரராம். பம்பைப் பொருத்தியவர் அவர். "அவர் போய்விட்டார், பம்பு இருக்கிறது. தங்க வேண்டியதுதான் தங்கியது" என்றார். அந்த ஏலுக்கு உயிர் உண்டு என்றும் சொன்னார். கீழே நிலவறையில் பீப்பாய்க்குள் அது புளித்துக்கொண்டே இருக்கும். திறக்காதவரை பொறுத்துக்கொள்ளும். திறந்துவிட்டால் நாலைந்து நாளில் குடித்துத் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காடியாகிவிடும்.

"கள்ளுத்தான், வேறை என்ன" என்று அண்ணன் தமிழில் முணுமுணுத்தார். எனக்குத் தோசை மாவு நினைவுக்கு வந்தது. அவரவர் புளிப்பு அவரவருக்கு.

சிக்கல் என்னவென்றால், அந்த ஏலைக் குடிக்க ஆள் இல்லை. தினமும் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கடைசியாகச் சிரித்தது எப்போது என்று தெரியாத தம்பதி ஒன்று, அப்புறம் நாங்கள். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு இந்தப் பம்பு பிடிக்கவில்லை. பாதிப் பீப்பாயைச் சாக்கடைக்கு ஊற்றுவது வியாபாரமா என்று கேட்டாராம். குளிர்காலம் முடியட்டும், அதற்குள் பம்பு சாக்கடைக்கு ஊற்றுவதை நிறுத்தாவிட்டால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் குதிரைப் பந்தயம் காட்டும் பெரிய திரை வைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். இதைச் சொன்னபோது அம்மையார் பம்பின் கைப்பிடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் பண்பாடு குறுக்கே வந்தது.

ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று தமிழன் சொல்லமாட்டான். தமிழ்நாட்டுக்காரனான நான் 'போயிட்டு வர்றேன்' என்பேன். அண்ணன் 'போட்டு வாறன்' என்பார். கடலின் இரு கரைக்கும் எத்தனையோ விஷயத்தில் ஒத்துவராது. இதில் மட்டும் கருத்து வேற்றுமை கிடையாது. அந்த வியாழன் குவளைகளைக் காலிசெய்துவிட்டு எழுந்தோம். அலுவலகத்தில் புதிதாக ஒரு வேலைத்திட்டம் தொடங்கியிருந்தது. தலை முழுக்க அதுதான். வாய் தன்பாட்டுக்குப் பழக்கப்பட்டதை ஆங்கிலத்தில் சொல்லிற்று: போய்விட்டு வருகிறோம்.

"வருவீர்களா? எப்போது?" என்று அம்மையார் கேட்டார்.

'போயிட்டு வர்றேன்' என்பதற்கு 'எப்போது' என்று யாரும் திருப்பிக் கேட்டு நான் பார்த்ததில்லை. 'சௌக்கியமா' என்றதற்கு ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டுவது மாதிரி. என்ன செய்வதென்று தெரியாமல் மரியாதையாக, "நாளைக்கு" என்றேன். அண்ணன் தன் பங்குக்கு, "கூட்டாளிமாரையும் கூட்டிக்கொண்டு" என்று ஆங்கிலத்தில் சேர்த்துவைத்தார். எங்கள் இருவருக்குமே அது பேச்சு. விடைபெறுவதில் ஒரு பன்னீர் தெளிப்பு, அவ்வளவுதான்.

அவர் அன்றிரவே புதுப் பீப்பாயைத் திறந்துவிட்டார்.

வேலை மும்முரத்தில் அடுத்த வாரமும் போகவில்லை. அதற்கடுத்த வியாழன் போனபோது பம்பின் கைப்பிடிமேல் துணியைப் போட்டு மூடியிருந்தார். எங்களைப் பார்த்து 'லவ்' என்று சொல்லவில்லை.

"வருகிறோம் என்றீர்கள். நண்பர்களோடு. முக்கால் பீப்பாயைக் கொட்டினேன். சொந்தக்காரர் அன்றைக்குப் பார்த்து வந்து நின்றார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் விளக்க முயன்றேன். எங்கள் மொழியில் அதற்கு அர்த்தம் வருகிறேன் என்பதல்ல, போகிறேன் என்பதுதான் என்றேன்.

"அப்படியானால் போகிறேன் என்றே சொல்லலாமே?"

"அது அபசகுனம்."

"எனக்கும் அப்படித்தான் ஆயிற்று" என்றார் அவர்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் எல்லாரும் 'சீ யூ லேட்டர்' எண்டு சொல்லுறியள்தானே? இண்டைக்குக் காலமை டிராம் டிரைவர் எனக்குச் சொன்னவர். நான் அவரை எங்கை போய்ப் பாக்கிறது?" இதை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அவருடைய ஆங்கிலத்தை நான் இப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறேன்.

அம்மையாரின் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது. குளிர்ந்த குழாயிலிருந்து ஆளுக்கொரு சின்னக் குவளை ஊற்றித் தந்தார். தண்டனையாகவே குடித்தோம். கிளம்பும்போது என்ன சொல்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தோம். தமிழர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். அண்ணனும் அதைத்தான் நினைத்திருக்கிறார். வெளியே வந்ததும், "தம்பி, வீட்டை போய்த் தலைக்குக் குளிக்கவோ?" என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அனுதாபம் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. பப் விஷயத்தில் அவளிடம் எனக்கு அந்தக் கையிருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. அவள் கிரைண்டரைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"புளிச்சுப் போச்சுன்னா முழுசையுமா கொட்டுனாங்க?"

"முக்கால்வாசி."

கிரைண்டர் கல்லை ஓரமாக வைத்தாள். "ஏங்க, ஆளு வர்றேன்னு சொல்லி மாவாட்டி வச்சா, வராமப்போனா வயிறு எரியாதா? நாளைக்குப் போங்க. போயி குடிச்சிட்டு வாங்க."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணனுக்கு ஆகாது."

"அப்போ அடுத்த வியாழன். சும்மா போகாதீங்க, ஆளுங்களோட போங்க. கொஞ்சமாத்தான் குடிக்கணும்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், குடிக்கச் சொல்லி அவள் என்னை வெளியே அனுப்பியது அந்த ஒரு முறைதான். 'கொஞ்சமாத்தான்' என்ற பின்பகுதியை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

ஆள் திரட்டும் வேலை அண்ணனுடையது. அவர் கோயில் திருவிழாக்களில் கார் நிறுத்துமிடத்தைக் கவனிக்கும் தொண்டர் குழுவுக்குத் தலைவர். பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி போட்டு, 'இந்தப் பக்கம் வாங்கோ, அந்தப் பக்கம் விடுங்கோ' என்று பக்தர்களை ஒழுங்குபடுத்தும் கூட்டம். வெயிலிலும் மழையிலும் சொன்ன இடத்தில் நிற்பவர்கள். குளிர்காலத்தின் கடைசி வியாழன் அவர்களை அப்படியே ரயிலேற்றிக் கொண்டுவந்தார். நான் கேட்டுக்கொண்டதற்கிணங்க மேலங்கி இல்லாமல். முன்னதாகவே தொலைபேசியில் அம்மையாரிடம் நாள், நேரம், எத்தனை பேர் என்று எல்லாம் சொல்லிவிட்டோம். அவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் பீப்பாயைத் திறந்தார்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் வந்திருந்தார். பெருத்த உடம்பு, சின்னத் தொப்பி, முன்னால் ஒரு லெமனேட். பம்பைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார்.

தொண்டர்கள் வரிசையில் வந்து குவளைகளை வாங்கினார்கள். முதல் வாயிலேயே கடைசியில் நின்றவர் கேட்டார்: "அண்ணை, உது பழுதாப் போட்டுது போல. குளிரேல்லை."

"உது உப்பிடித்தான். குடியும்."

"ஒரு ஐஸ்கட்டி போட்டால்?"

அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஐஸ் என்ற சொல் புரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்த அண்ணன் அவசரமாக, "அவர் ஐஸ் வேண்டாம் எண்டு சொல்லுறார்" என்று மொழிபெயர்த்தார். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல், எல்லாரும் பார்க்கிறார்களே என்று மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொண்டு" என்றார். சொந்தக்காரர் தொப்பியைச் சற்றே மேலே தள்ளிக்கொண்டார்.

கைப்பிடி விடாமல் இழுபட்டது. தபால்காரர் அதிர்ஷ்டம் அடித்தவர்போல மூலையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரான்பர்ன் ரயிலுக்கு நேரமாகி நாங்கள் எழுந்தபோது, பீப்பாயில் மிச்சம் இருப்பது தபால்காரருக்கும் அந்தத் தம்பதிக்குமே போதாது என்றார் அம்மையார்.

கதவருகே எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நின்று, கோயிலில் ஐயரிடம் விடைபெறும் அதே பணிவோடு, அம்மையாரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்கள்: போய்விட்டு வருகிறேன். அடுத்தவர்: போய்விட்டு வருகிறேன். அதற்கடுத்தவரும் அதையே. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிறவிப் பழக்கம். சொந்தக்காரர் ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்களா?" என்று அம்மையாரிடம் கேட்டார்.

அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த தமிழர் அல்லாதவர்களில் அம்மையாருக்கு மட்டும்தான் தெரியும். அதை அவருக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான்.

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி மார்பில் தொங்கவிட்டார். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார்.

சொந்தக்காரர் லெமனேடை முடித்தார். அடுத்த குளிர்காலம்வரை பார்ப்போம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார். அவர் போனபின் அம்மையார் எங்கள் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்கள் இரண்டு பேரும், லவ், எப்போது?"

"வியாழன்" என்றோம் இருவரும். இந்த முறை அதற்கு வியாழன் என்றே அர்த்தம்.

குதிரைகள் வரவில்லை. நான் மெல்பர்னைவிட்டுக் கிளம்பும்வரை பம்பு அங்கேதான் இருந்தது. வியாழன் தவறாமல் அண்ணனும் நானும் போனோம். அன்று வந்த கூட்டத்தில் திரும்ப வந்தவர் ஐஸ் கேட்டவர் ஒருவர்தான். ஆனால் அவர் ஒருவரே ஒரு கூட்டம். மற்றவர்களைக் குறை சொல்லக்கூடாது. அவர்கள் வருகிறேன் என்றுதானே சொன்னார்கள்.