இவருக்குப் பதில் இவர்

மாலை ஏழு மணி அடித்துவிட்டால் அந்த வீட்டில் வேதசிரோமணி வாய் திறக்கக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் அன்று. ஆயினும் அதை மீற அவர் ஒருபோதும் துணிந்ததில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டின் கூடத்தில், சன்னலோர நாற்காலியில் அமர்ந்து, அவருடைய மனைவி ரத்தினபாய் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் நேரம் அது. பார்த்தார் என்று சொல்வதைவிட, ஆசிரியர் விடைத்தாள் திருத்துவதைப் போல ஒவ்வொரு பாத்திரத்தையும் திருத்தினார் என்று சொல்வது பொருந்தும்.

ரத்தினபாய் தாம்பரத்தில் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களின் குரல்களோடு பாதி ஆயுளைக் கழித்தவர். "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவர் யார், சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். ஆகவே, தொடர்களில் அவர் முதலில் தேர்வு வைத்தது குரல்களுக்குத்தான்.

"இது இந்தப் பொண்ணோட குரலே இல்ல. போன வருஷம் அந்த வில்லிக்குப் பேசினவதான் இவளுக்கும் டப்பிங் பேசுறா. அதான் இவ அழுதா எனக்கு இரக்கமே வரல."

வில்லிகளைப் பற்றி அவருக்குத் தனிக் கருத்து இருந்தது. "சும்மா புருவத்தத் தூக்கிக்கிட்டே இருக்கா. நெஜமான கெட்டவங்க புருவத்தத் தூக்க மாட்டாங்க. 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேப்பாங்க." ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஐயரின் பிரசங்கமும் ஆராதனையும் முடிந்து வெளியே வரும்போதும் அந்தப் பார்வை மாறாது. "ஐயர் இன்னைக்கு விளம்பர இடைவேளையே விடல" என்று கணவரின் காதோடு சொல்வார். மின்வாரியத்தில் வரைவாளராக இருந்து, கோடு கோணாமல் வாழ்ந்து பழகிய வேதசிரோமணி, கோயில் வாசலில் சிரிக்கக் கூடாதே என்று கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

இந்தக் கருத்துகளைக் கேட்பதற்கென்றே அடுத்த வீட்டுக் கங்கையம்மாள் மாலைதோறும் வந்துவிடுவார். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது வாடகை வீடுகளாக நின்றன. கங்கையம்மாள் வீட்டில் சுவரை அடைக்கும் அகலத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. "அதுல படம் பெருசா கீது, ஆனா அக்கா பேச்சு அதுல வராதே சார்" என்பார்.

இருவருக்கும் உயிரான தொடர் 'நெல்லிமரத்து வீடு.' அதில் ரத்தினபாய்க்குப் பிடித்த பாத்திரம் கதாநாயகி திலகா அல்லள். அவளுடைய கணவனான சபாபதி. அரிசி ஆலை வைத்திருப்பவன், அதிகம் பேசாதவன். "திலகா அழுதா, இவன் சமாதானம் கிமாதானம் எதுவும் சொல்ல மாட்டான். ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து பக்கத்துல வச்சிட்டுப் போயிடுவான். அது போதும். அதுக்கு மேல ஒரு ஆம்பளை என்ன செய்யணும்?" என்று அவர் சொன்னபோது, வேதசிரோமணி செய்தித்தாளை முகத்துக்கு நேரே சற்று உயர்த்திக்கொண்டார். திருமணமான நாள் முதல் ரத்தினபாயின் கட்டிலருகே இரவில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பது அவர் வழக்கம். அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு ஒரு நாள் சபாபதி மாறிப் போனான். அந்த நடிகர் விலகிக்கொண்டார். திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடியது. வேறொரு முகம் அதே சட்டையில் ஆலையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. திலகா சிரித்த முகமாகக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஐயையே!" என்றார் ரத்தினபாய்.

"மூஞ்சி மாறினா இன்னாக்கா? சட்டை அதே சட்டைதான?" என்றார் கங்கையம்மாள்.

"சட்டைக்கா அவ கழுத்த நீட்டினா?"

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற அவள? கதை நடக்க வேணாமா?"

"நடக்கட்டும். ஆனா முதல் நாளே காபி குடுப்பாளா ஒருத்தி? ரெண்டு நாள் முகம் குடுக்காம இருந்திருக்கணும். 'எங்க அவர்'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கவே இல்லையே!"

அன்று முதல் திலகாவை அவர் மன்னிக்கவில்லை.

நோய் மெதுவாகத்தான் வந்தது. முதலில் கதைகள் ஒன்றோடொன்று கலந்தன. ஒரு தொடரின் மாமியார் மற்றொரு தொடரின் மருமகளைத் துன்புறுத்தினாள். கங்கையம்மாள் திருத்தாமல் "ஆமாக்கா" என்று போய்விடுவார். அப்புறம் ஆராதனையில் பாட்டின் நடுவே அடி மறந்து நின்றார். குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்தார். மெல்பர்னிலிருந்து மகள் ஜெரூஷா பேசினால், "நல்லாயிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, யார் பேசியது என்று கணவரைக் கேட்டார். மருத்துவர் மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது திரும்பாது என்றார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், வேதசிரோமணி வழக்கம்போல் காபியுடன் கட்டிலருகே வந்தார். ரத்தினபாய் எழுந்து உட்கார்ந்து, அவரை நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தார். பயம் இல்லை. தேர்வு வைக்கும் பார்வை அது.

"மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"யாரை மாத்திட்டாங்க?"

"அவரத்தான். எழுத்துப் போட்டாங்களா? நான் கவனிக்கலையே."

"ரத்தினா, நான்தான்."

"குரல் மட்டும் அவரோடது. டப்பிங் அவரே குடுத்திருக்கார் போல." காபியைப் பார்த்தார், வாங்கவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க. முதல் நாளே உங்க கையால வாங்கிக் குடிச்சா நல்லாருக்காது."

வேதசிரோமணி எதையும் முறையாகச் செய்பவர். திருமணப் புகைப்படத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆதார் அட்டையைக் காட்டினார். இடது முழங்கையில் இருந்த பழைய தழும்பைச் சட்டையை மடித்துக் காட்டினார். ரத்தினபாய் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது அவர். உங்களுக்குக் கொஞ்சம் அவர் ஜாடை இருக்கு. அதான் உங்களப் போட்டிருக்காங்க" என்றார்.

இரண்டு நாளில் மாறும் என்று எண்ணியது மாறவில்லை. வேதசிரோமணியின் கையால் சோறும் இறங்கவில்லை, மாத்திரையும் இறங்கவில்லை. காலையும் மாலையும் கங்கையம்மாள் வந்து ஊட்டினார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை "அக்கா, இத முழுங்கினாதான் இன்னைக்குத் தொடர்" என்று மிரட்டிக் கொடுத்தார். ஆனால், கூடுவாஞ்சேரியில் அவருடைய மகள் வினிதாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் போய்த்தான் ஆவணும் சார். ரெண்டு மாசமாவது அங்க இருக்கணும். அக்காவ நெனச்சாத்தான் பேஜாரா கீது."

ஒரு தாதியை வைத்துப் பார்த்தார்கள். ரத்தினபாய் அவளிடம், "நீ எந்தக் கதையிலிருந்து வந்த?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெரூஷா தொலைபேசியில் அழுதாள். "அப்பா, ஹோம்ல விட்டுடலாம்ப்பா. ராஜகீழ்ப்பாக்கத்துக்கிட்ட ஒண்ணு விசாரிச்சிருக்கேன். நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. அம்மா சாப்பிடாம இருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஆகவே ஒரு நாள் பிற்பகல், கங்கையம்மாளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் புறப்பட்டார்.

முதியோர் இல்லம் சுத்தமாக இருந்தது. பொறுப்பாளர் அன்பாகவே பேசினார். பொதுக்கூடத்தில் சுவரின் உச்சியில் ஒரு தொலைக்காட்சி. அதில் ஏதோ தொடர் ஓடிக்கொண்டிருந்தது, ஒலியை அடைத்திருந்தார்கள். கீழே எட்டுப் பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பெண் புருவத்தை உயர்த்தினாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேதசிரோமணி அங்கு நெடுநேரம் நின்றார். வருகிற திங்கட்கிழமை அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சந்திப்பில் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நின்றன. வருவதற்கு நேரமாகும் என்று கங்கையம்மாளிடம் சொல்ல எண்ணி, கைப்பேசியில் வீட்டுத் தொலைபேசியை அழைத்தார். ஓய்வுபெற்ற ஊழியருக்கான சலுகையில் கிடைத்த தொலைபேசி அது. ரத்தினபாய் அதைத் துண்டிக்கவே விட்டதில்லை. அன்று கங்கையம்மாள் அடுக்களையில் இருந்தார். மணி அடித்தால் எடுக்க மறக்காத ஒரு கை ரிசீவரை எடுத்தது.

"ஹலோ." வேலை பார்த்த நாளில் இருந்த அதே நிமிர்ந்த குரல்.

"நான்தான்."

மறுமுனையில் குரல் வெடித்தது. "ஏங்க! எங்க போயிட்டீங்க? இத்தனை நாளா ஒரு போன் பண்ணக் கூடாதா? நான் என்னன்னு நெனக்கிறது?"

வேதசிரோமணி ஒரு கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டார். எதிரில் நின்று பேசியபோதெல்லாம் அவர் குரலை அவருடைய முகமே மறைத்திருக்கிறது.

"வேலையா வெளியூர் வந்திருக்கேன், ரத்தினா. சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது?" குரல் தாழ்ந்தது. "இங்க உங்களுக்குப் பதிலா ஒருத்தரப் போட்டிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டேன். ஆள் எப்படி?"

ரத்தினபாய் யோசித்தார். அந்த யோசனையை வேதசிரோமணி நன்கு அறிவார். அதற்குப் பின்னால் வருவது தீர்ப்பு. "குத்தம் சொல்றதுக்கில்ல. மரியாதையான மனுஷன். நடைதான் கிழவனாட்டம் இருக்கு, உங்க நடை வெறப்பா இருக்கும்ல. கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கறார், அதை நல்லாப் பண்றார். எப்பப் பாத்தாலும் அழற மாதிரி ஒரு மூஞ்சி. அதை மட்டும் கொறச்சுக்கலாம். நீங்க அப்படி அழ மாட்டீங்க."

"மாட்டேன்" என்றார் வேதசிரோமணி. கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

"ராத்திரி தண்ணி எடுத்து வைக்கறார். அது நீங்க செய்றதாச்சே? அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான் சொல்லி அனுப்பினேன்."

"அப்ப நீங்க அனுப்பின ஆளா?"

"ஆமா. நான் வர்ற வரைக்கும் எனக்குப் பதில் அவர். அவர் குடுக்கறத சாப்பிடு. மாத்திரையும் போட்டுக்கோ."

"தப்பில்லையே?"

"தப்பில்ல."

"நான் திலகா மாதிரி ஆயிட மாட்டேனே?"

"மாட்ட. அவ யாரையும் கேக்கல. நீ என்னக் கேட்டுட்டுத்தான செய்ற."

வீடு வந்து சேர்ந்தபோது கங்கையம்மாள் வாசலிலேயே நின்றார். "இன்னா சார் பண்ணீங்க? அக்கா உங்களுக்கு நாற்காலிய இழுத்துப் போட்டு வச்சிகீது! 'அவர் வந்தா சாப்பிடலாம்'னு சொல்லிக்கினு கீது!" அன்று இரவு இரண்டு இட்லியும் மாத்திரையும் அவர் கையாலேயே உள்ளே போயின. மறுநாள் இல்லத்துக்குச் சொல்லித் திங்கட்கிழமை வருகையை அவர் ரத்து செய்தார். ஜெரூஷாவிடம், "அம்மா என்னை ஏத்துக்கிட்டா" என்று மட்டும் சொன்னார். எந்த விதத்தில் என்று விளக்கவில்லை.

அதன்பின் அது வழக்கமாயிற்று. மாலையில் தொடருக்குச் சற்று முன்பாக, வேதசிரோமணி மாடிப்படி ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று கீழே இருக்கும் மனைவியை அழைப்பார். ரத்தினபாய் அன்றைய நாளை ஒப்பிப்பார். புதியவரைப் பற்றிய கருத்தும் அதில் இருக்கும். ரசத்தில் புளி தூக்கல். நகம் வெட்டிவிடும்போது கை நடுங்குகிறது. வேதம் வாசிக்கும்போது உச்சரிப்பு சுத்தம். ஒவ்வொரு முறையும் முடிவில், "எப்ப வருவீங்க?" என்று கேட்பார். "சீக்கிரம்" என்பார் வேதசிரோமணி. கங்கையம்மாள் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மாடியில் நின்று பேசுகிறவரைத் தம் வீட்டுச் சன்னல் வழியே பார்த்தும், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் மாத வெயில் ஏறிய ஒரு மாலை. தொட்டியின் சுவர் இன்னும் சுட்டது.

"ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது" என்றார் ரத்தினபாய்.

"சொல்லு."

"உங்களுக்கு அங்க வேலை இருந்தா இருந்து முடிச்சிட்டே வாங்க. அவசரப்பட வேண்டாம். இந்த ஆள் பழகிட்டார். முதல்ல அவ்வளவா ஒட்டல. இப்பப் பரவாயில்ல, நல்லாவே செய்றார்." சற்று நின்று, மெல்லச் சொன்னார். "நீங்க திரும்பி வந்துட்டா இவர எங்க அனுப்புவாங்க? வயசான மனுஷன். பாவம்."

கீழே தெருவில் யாரோ தண்ணீர் வண்டிக்காரனைக் கூப்பிட்டார்கள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேன். சரி, ரத்தினா. நீ சொல்ற மாதிரியே செய்யலாம்."

"உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, ஆபரேட்டருக்கே உரிய முறையில், ஓசையின்றி ரிசீவரை வைத்தார் ரத்தினபாய். எப்ப வருவீங்க என்று கேட்கவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வேதசிரோமணி கீழே இறங்கி வந்தபோது, கூடத்தில் தொடரின் பாட்டு தொடங்கியிருந்தது. ரத்தினபாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"அவர்தான் பேசினார். இப்போதைக்கு வர மாட்டார் போலிருக்கு. நீங்க உக்காருங்க."

நாற்பது ஆண்டுகளாகத் தம்முடையதாக இருந்த நாற்காலியில், புதிதாக வந்தவர் அமர்வதைப் போல, விளிம்பில் அமர்ந்தார் வேதசிரோமணி. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரத்தினபாய் ஒரு விரலை உயர்த்தினார். மணி ஏழு ஆகியிருந்தது.