தூசி மிஷினும் தேய்ந்த புருசும்

மோட்டார் ஓடுகிற வரைக்கும் எலக்ட்ரீஷியன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் அவனை விட்டால் வேறு குற்றவாளியே கிடையாது. இந்தத் தொழிலில் கிடந்து அல்லாடியவர்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் தற்காலிக எலக்ட்ரீஷியனாக இருந்தேன். எங்கே பார்த்தாலும் பஞ்சுத் தூசி. அதைப் பெருக்கப் பத்துப் பெண்கள். திடீரென்று பம்பாயிலிருந்து தூசி உறிஞ்சும் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. பீப்பாய் மாதிரி உடம்பு, தலையில் ரெண்டு மோட்டார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு மாசம் இதை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. ஒனக்கு வேலை நிரந்தரம். பெருக்குறவங்கள்ல அஞ்சு பேரை நிறுத்திடலாம்" என்றார். நான் பிழைத்தால் அஞ்சு குடும்பம் தெருவுக்கு வரும். நல்ல உத்தியோகம் போங்கள்!

ஸ்டோர் தந்த புருசு

அந்த மோட்டார் ஒவ்வொன்றிலும் ரெண்டு கரித்துண்டு உண்டு. சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டே அதற்குக் கரண்ட் கொடுக்கும். பெயர் பிரஷ், எங்கள் வாயில் புருசு. உரச உரசத் தேய்ந்துபோகும். ரெண்டாவது வாரமே பொறி பறந்தது. "மிஷினுக்குப் புருசு நாலு, அவசரம்" என்று ஸ்டோர்கீப்பருக்குச் சீட்டு எழுதினேன். மனுஷன் வேகாத வெயிலில் டவுனுக்கு சைக்கிள் மிதித்து, வெள்ளையடிக்கிற புருசு நாலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"தூசி எடுக்குற மிசினுக்குப் புருசுன்னு எழுதினா, தூசி தட்டுறதுக்குன்னுதானய்யா எவனும் நெனைப்பான்?"

கருப்பாயியின் சந்தேகம்

ஒருவழியாகக் கரிப்புருசு வந்தது. பெருக்குகிறவர்களில் மூத்தவள் கருப்பாயி, திருவரங்குளத்துக்காரி. அஞ்சு பிள்ளைகள் அவள் கையைத்தான் நம்பியிருந்தன. மூத்தவள் என்பதால் நிறுத்துகிற பட்டியலில் அவள் பெயர்தான் முதலில். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மிஷினைப் பிரித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும். அதை மறைக்க வாத்தியார் மாதிரி பேசுவேன். "புருசு தேஞ்சா ஒடனே மாத்திடணும்க்கா. தேஞ்சதை வச்சே ஓட்டினா எல்லாம் நாசம்" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் காதில் விழும்படி அவள் ரொம்பக் கரிசனமாகக் கேட்டாள்:

"எங்க வீட்டுலயும் ஒரு புருசன் தேஞ்சுபோயி மூலையில கெடக்காக, அவுகளையும் மாத்திக் குடுப்பியளா தம்பி?"

ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு மறுநாள் மிஷினைப் போட்டால் பத்து நிமிஷத்தில் ஒரே புகை, கருகல் நாற்றம். ஓடிப்போய் நிறுத்தினேன். மானேஜர் வந்தார், மோதிரக் கையை நீட்டி நீட்டி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "வேலை போயிடும்னு இவளுகதான் என்னமோ பண்ணிட்டாளுக. அஞ்சு பேரு என்ன, பத்துப் பேரும் வீட்டுக்குப் போங்க!" பெண்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு கணம் வந்தது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூடியைத் துடைத்துப் பார்த்தேன். மோட்டாருக்குக் காற்றுப் போகிற ஓட்டைகள் அத்தனையும் சந்தனத்தால் அடைபட்டுக் காய்ந்து கிடந்தன. காற்று இல்லாவிட்டால் சூடேறாமல் என்ன செய்யும்? "யாரு இப்படி அப்பினது?" என்று மானேஜர் கத்தினார். புது மிஷினுக்கு வேறு யாரையும் தொடவிடாமல் பக்தியோடு பூசியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கருப்பாயி குனிந்து பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னாள்:

"மோதிரம் பதிஞ்ச தடம்கூடத் தெரியுதுங்க சார், எங்க கையில ஏதுங்க மோதிரம்?"

ஆள் எண்ணிக்கை

நல்லவேளை, மோட்டார் பிழைத்தது. மாசக் கடைசியில், "இதை ஓட்ட எத்தனை ஆள் வேணும்?" என்று மானேஜர் கேட்டார். ஒரு பொய்கூட சொல்லவில்லை, சத்தியம். அரைமணிக்கொரு தரம் தூசிப் பையைக் கொட்ட ரெண்டு பேர். உள்ளே தூசியை வடிகட்டுகிற துணியைத் தட்டித் துவைத்துக் காயப்போட ரெண்டு பேர். குழாயை இழுக்க ஒருத்தி, வயரைத் தூக்கிப் பிடிக்க ஒருத்தி. மோட்டாரில் ஒட்டும் பஞ்சை எடுக்க ஒருத்தி. குழாய் நுழையாத சந்துகளைப் பெருக்க மூணு பேர். மானேஜர் விரல்விட்டு எண்ணினார். முகம் சுருங்கியது.

"மிஷின் வர்றதுக்கு முந்தி எத்தனை பேருய்யா இருந்தாங்க?"

"பத்து பேர் சார்."

"இப்ப?"

"பதினொண்ணு சார், என்னையும் சேர்த்து."

மானேஜர் பேனாவை எடுத்து, பதினொரு பேரையும் வைத்துக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்.

"போய்யா, போ! கருப்பாயிகிட்ட நீயே சொல்லு, நான் சொன்னா சிரிப்பா."

ஆளைக் குறைக்க மிஷின் வாங்கினால் மிஷினைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது அதை விற்கிறவனுக்கும் தெரியும். சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.