துவைக்க வேண்டாத முகக்கவசம்

கொரோனாவின் இரண்டாம் ஆண்டு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் வேதியியல் ஆசிரியை. எடப்பாடித் தறிக்காரர் ஒருவர் நெய்து தந்த பருத்தித் துணியில் செம்பு நுண்துகளை ஏற்றி, நானும் என் ஆய்வு மாணவியும் முகக்கவசம் செய்துகொண்டிருந்தோம். படிகிற கிருமியைச் செம்பே கொன்றுவிடும், துவைத்துத் துவைத்துப் போடலாம் என்று நம்பினோம்.

புதுத் துணியில் கிருமி வளரவில்லை. மாணவி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். பத்து முறை துவைத்தபின் சோதித்தால், சாதாரணத் துணியில் எவ்வளவோ அவ்வளவு வளர்ந்திருந்தது. செம்பு சோப்புத் தண்ணீரோடு போயிருந்தது. இதை எழுதி, சரிசெய்ய ஆறு மாதம் கேட்டுத் தாளாளரிடம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் செய்தித்தாளில் படம் வந்தது, எனக்குத் தெரியாமல் இரண்டு வாரம் முன்பு நடந்த விழாவின் படம். தூய்மைப் பணியாளர்களுக்கு எங்கள் முகக்கவசத்தைத் தாளாளர் வழங்குகிறார். உறையில், ‘தானே சுத்தமாகும், துவைக்கத் தேவையில்லை’ என்று அச்சடித்திருந்தார்கள். கீழே என் பெயர்.

நேராக அவர் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. துவைத்தால் செம்பு போய்விடுகிறது என்று எழுதிக் கொடுத்தேனே என்றேன்.

“அதனாலதானுங்க மேடம், துவைக்க வேண்டாம்னு போட்டோம்,” என்றார். கேலி இல்லை. உண்மையாகவே அதைத் தீர்வு என்று நினைத்திருந்தார்.

மறுநாள் காலை தூய்மைப் பணியாளர்கள் வருகைக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போய், கழற்றிக் கொடுத்துவிடச் சொன்னேன். ஒரு அம்மாள் கவசத்தை இறக்கினார். இரண்டு வாரக் குப்பையும் வியர்வையும் ஊறி, தாடை முழுக்கப் புண்.

“படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டுக்கிட்டோமுங்க. நீங்க ஒரு நாளாவது போட்டுப் பாத்தீங்களாங்க?”

நான் போட்டுப் பார்க்கவில்லை. ஆய்வகத் தட்டில் கிருமியை எண்ணினேன், அவ்வளவுதான். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

செய்தித்தாளுக்கு மறுப்பு எழுதினேன், வரவில்லை. கல்லூரியின் பெயரைக் கெடுத்ததாக எனக்கு மெமோதான் வந்தது. எழுதியது அத்தனையும் உண்மை என்று ஒரே வரியில் பதில் கொடுத்துவிட்டு, வேலையை விட்டேன்.

இப்போது சேலத்தில் வேறொரு ஆய்வகம். செம்பு முன்னைவிட அதிகச் சலவை தாங்குகிறது. ஆனால் போதாது. போதாது என்றே எழுதுகிறேன். ஒவ்வொரு மாதிரியையும் சித்திரை வெயிலில் ஒரு நாள் முழுக்க நானே போட்டுக்கொண்டு திரிகிறேன். தாடை எரியும்போதெல்லாம் அந்தத் தாளாளர் மீது வரும் ஆத்திரம் இன்னும் குறையவில்லை. என் மீது வருவதும்தான்.