ஒன்பது பனை ஆழம்

எங்கள் வீட்டிலிருந்து கப்பலில் உல்லாசப் பயணம் போனவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் நான்கு பேர் குழந்தைகள். மூத்தவளான எனக்கு எட்டு வயது, தங்கைக்கு நாலு, தம்பிக்கு இரண்டரை, பாப்பாவுக்குப் பத்து மாதம். கப்பல் என்று நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது கிளிஞ்சல் ஏற்றுகிற தோணி. கடல் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிட்டது பழவேற்காடு ஏரி. எழுபதுகளின் தொடக்கத்தில் செவ்வாப்பேட்டையில் இந்த வித்தியாசமெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

யோசனை சித்தப்பாவுடையது. அவருக்குத் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாயம் பூசுகிற வேலை. பலகையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தபடி பூசுவார். பூசுகிற நேரத்தைவிட ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கிற நேரம் அதிகம் என்று அப்பா சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, எட்டிப் பார்த்ததையெல்லாம் நாஷ்டாவோடு சேர்த்துப் பரிமாறுவார். அப்படித்தான் ஒருநாள், குழந்தை குட்டிகளோடு வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கிய கப்பலைப் பற்றிச் சொன்னார்.

"எங்க போறாங்களாம்?" என்று அப்பா கேட்டார்.

"எங்கயும் போமாட்டாங்கண்ணா. சும்மா போவாங்க, திரும்பி வருவாங்க. துன்றதும் தூங்குறதுந்தான் வேல."

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். "சமைக்கிறது யாரு?"

"அதுக்கு ஆளுங்க இருக்குது அண்ணி."

"புள்ளைங்கள?"

"அதுக்கும் ஆயாம்மா இருக்குது. காலைல இட்டுனு போனா, பொழுது சாஞ்சாத்தான் கொணாந்து உடும்."

கல்லில் இருந்த தோசை கருகியது. அம்மா கையில் தோசை கருகி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் எப்போது தூங்குவாள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் மாறி மாறி ஷிப்ட். இரவு வேலை பார்த்துவிட்டு அவர் பகலில் தூங்கும்போது, சத்தம் கேட்கக் கூடாது என்று மூன்று சிறுசுகளையும் அம்மா ரயில்வே கேட் வரை ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். இரவில் பாப்பாவின் ராஜ்ஜியம். மாவாட்டும்போது சில நேரம் அம்மாவின் கண் மூடியிருக்கும், கை மட்டும் குழவியைச் சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே மாவாட்டுகிற என் அம்மாவைப்போல வேறு யாருக்கும் அம்மா கிடையாது என்று நான் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பெருமையடித்திருக்கிறேன்.

மாசி மாதம் இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தொழிற்சாலையை ஒரு வாரம் மூடினார்கள். அதற்குள் சித்தப்பா பழவேற்காட்டில் ஒரு தோணிக்காரரைப் பிடித்துவிட்டார். கிளிஞ்சல் ஏற்ற அவர் வடக்கே வெறும் தோணியோடு போவார், மூன்றாம் நாள் திரும்புவார், நாம் தொற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

"இந்தா பாரு, இந்த டூரே ஒனக்காகத்தான்" என்றார் அப்பா. "ஜாலியா கால நீட்டிப் படுத்துக்கோ. மூணு நாளு ரெஸ்ட்டு."

அம்மாவின் முகம் அன்று எப்படி இருந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது. நம்பியவள் முகம்தான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு மஞ்சள் பை எடுத்துக்கொண்டார்கள். இருவரும் ஓய்வெடுக்க வேண்டியவர்கள், அதற்கு ஒரு லுங்கியும் சீட்டுக்கட்டும் போதும். அம்மாவிடம் அரிசி, பருப்பு, புளி, மண்ணெண்ணெய் ஸ்டவ், கிரைப் வாட்டர், பழைய புடவைகளைக் கிழித்து மடித்த ஒரு மூட்டைத் துணி, இடுப்பில் பாப்பா. இரண்டு ரயில் மாறி, பொன்னேரியில் பஸ் பிடித்து நாங்கள் பழவேற்காடு போய்ச் சேர்வதற்குள் தங்கை மூன்று தடவை வாந்தி எடுத்திருந்தாள். மூன்றும் அம்மாவின் மேல்தான்.

தோணிக்காரர் நல்ல மனிதர். குழந்தைகளைப் பார்த்ததும் முதல் வேலையாக மூன்று கயிறுகளை எடுத்தார். தங்கை, தம்பி, பாப்பா மூவருக்கும் அரைஞாண் கயிற்றுக்கு மேலே இடுப்பில் ஒரு முடிச்சு, மறுமுனை பாய்மரத்தில்.

"எங்க புள்ளைங்கல்லாம் இப்டிக் கட்டிப் போட்டு வளந்ததுங்கதாம்மா. நடக்கலாம், தவழலாம், தண்ணில மட்டும் உழ முடியாது. நீ நிம்மதியா படுத்துக்கோ."

மூன்றும் ஒரே குரலில் அலறின. மரத்தில் கட்டினால் அம்மா எங்கோ போய்விடப் போகிறாள் என்று அதுகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள் அம்மா. பிறகு முனைகளை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். உடனே அலறல் நின்றது.

"மரத்துல கட்டச் சொன்னா நீயே மரமாயிட்டியேம்மா" என்று தோணிக்காரர் சிரித்தார். அப்பாவும் சித்தப்பாவும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கயிறு இல்லை, நான் பெரியவள். அதற்குப் பதிலாக அப்பா எனக்கு ஒரு பயத்தைக் கொடுத்தார். "ஓரத்துக்குப் போன, அவ்ளோதான். ஒம்போது பனை ஆழம் இந்த ஏரி. உழுந்தா எலும்புகூடக் கெடைக்காது." தோணிக்காரர் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கோல் ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். அது தரையைத் தொட்டுத்தான் தோணி நகர்கிறது என்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தும், ஒன்பது பனையை நான் முழுசாக நம்பினேன். அப்பா சொல்லிவிட்டாரே.

பயணத்தின் சுகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல தண்ணீர் இரண்டு குடம்தான். அதில் குடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், பாலாடையைக் கழுவ வேண்டும். ஸ்டவ் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. அம்மா அதைச் சுற்றி முந்தானையால் மறைத்துக்கொண்டு சோறாக்கினாள். தம்பி ஒரு பக்கம் ஓட, தங்கை மறுபக்கம் ஓட, அம்மா நடுவில் இழுபட்டுக்கொண்டே குழம்பைக் கிளறினாள். தங்கை ஒரு டம்ளரையும் கரண்டியையும் ஏரிக்குக் கொடுத்தாள். தம்பிக்கு வயிறு போக ஆரம்பித்தது. அலசிய துணிகளை அம்மா பாய்க்கயிற்றில் வரிசையாகக் காயப் போட்டாள். சித்தப்பா சீட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, "கப்பல்லயும் இப்டித்தான் அண்ணி, கலர் கலராக் கொடி கட்டுவாங்க" என்றார். கிளிஞ்சல் நாற்றத்தோடு அந்தக் கொடிகளும் பறந்தன.

இரண்டாம் நாள் மதியம் தோணியின் அடியில் ஏதோ உரசியது. அப்படியே நின்றுவிட்டது. தோணிக்காரர் கோலை ஊன்றிப் பார்த்துவிட்டு எடுத்துக் குறுக்கே போட்டார்.

"தரை தட்டிக்கிச்சு. தண்ணி வடியுது. மறுபடி ஏறுனாத்தான் நவுரும்."

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்தாள். "எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு மூணு அவர் ஆவும்மா."

"அதுவரிக்கும் நவுராதா?"

"யானை கட்டி இஸ்தாலும் நவுராது."

அம்மா பயந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. நடு ஏரியில், ஒன்பது பனை ஆழத்தின் மேல் நிற்கிறோம், யாருக்குத்தான் பயம் வராது? நான் அவள் முழங்கையைத் தொட்டு, "பயப்படாதம்மா, அப்பா இருக்காரில்ல" என்றேன். அப்பா முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் பார்த்தாள், துண்டையும் பார்த்தாள்.

அவள் அவசரப்படவில்லை. எல்லாருக்கும் சோறு போட்டு, பாப்பாவுக்குப் பால் கொடுத்தாள். அதிசயமாகச் சிறுசுகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து தூங்கின. அம்மா தன் இடுப்பிலிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பாய்மரத்தில் கட்டினாள், இழுத்துப் பார்த்தாள். "இதத் தொட்டுகினு ஒக்காரு. இதோ வந்துடுறேன்" என்றாள்.

பிறகு தோணியின் விளிம்பில் கால் வைத்து, தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மா தண்ணீரின் மேல் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் அவள் கெண்டைக்காலுக்குத்தான் இருந்தது. அங்கே ஏதோ பாறை இருக்கிறது, அடுத்த அடியில் மூழ்கிவிடுவாள் என்று நினைத்தேன். அடுத்த அடியிலும் மூழ்கவில்லை, அதற்கடுத்த அடியிலும் மூழ்கவில்லை. புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள். தூரத்தில் ஒரு மணல் திட்டு, அதில் பூநாரைகள் நின்றன. அவள் ஏறியதும் அவை பறக்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டன. அம்மா உட்கார்ந்தாள். அப்புறம் சாய்ந்தாள். முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே ஒரு துணி மூட்டை கிடந்தது, அம்மா இல்லை.

நான் போட்ட சத்தத்தில் மூன்று குழந்தைகளும் எழுந்து அலற, அப்பாவும் சித்தப்பாவும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். "ஏய்! இந்தா! ஏய்!" என்று அப்பா திட்டைப் பார்த்துக் கத்தினார். மூட்டை அசையவில்லை.

தோணிக்காரர் பின்பக்கத்தில் பீடியைப் பற்றவைத்தபடியே சொன்னார். "தூங்குது நைனா. உடு. தண்ணி ஏறுறதுக்குள்ள நானே போயி இட்டாரேன்."

அப்பா விட்டார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பாப்பா அவர் கையில் வளைந்து வளைந்து துடித்தது. தம்பி சித்தப்பாவின் மடியில் உட்கார்ந்தபடியே வயிற்றுப்போக்கை முடித்துக்கொண்டான். தங்கை கயிற்றில் சிக்கிக்கொண்டு கிடந்தாள். "இன்னாடா பேஜாரு இது" என்று சித்தப்பா லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ கூப்புடு. ஒங் கொரலுக்குத்தான் வருவா."

கூப்பிட்டேன். அம்மா என்று எத்தனை தடவை கத்தினேனோ தெரியாது. வரவில்லை. திட்டைச் சுற்றி ஒன்பது பனை ஆழம் எழும்பிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அது வாயில் வந்தது.

"அம்மா! பாப்பா தண்ணில உழுந்துடுச்சு!"

மூட்டை எழுந்தது. எழுந்தது மட்டுமல்ல, ஓடியது. நாரைகள் மொத்தமாகக் கிளம்பின. அம்மா ஓடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீரில் இரண்டு தடவை விழுந்தாள், எழுந்தாள், ஓடினாள். வாயைத் திறந்திருந்தாள், ஆனால் சத்தம் வரவில்லை. தோணியின் விளிம்பைப் பிடித்தபோது பாப்பா அப்பாவின் தோளில் இருந்தது. அம்மா அதைப் பிடுங்கித் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். அவள் ஒரு கன்னம் முழுக்க மணல் ஒட்டியிருந்தது.

அப்பா சிரித்தார். "பலே! கெட்டிக்காரி ஒம் பொண்ணு."

"இன்னாத்துக்குடி அப்டிச் சொன்ன?"

"நீ முழுவிடுவேன்னு பயமா இருந்திச்சும்மா. ஒம்போது பனை ஆழம்னு அப்பா சொன்னாரே."

தண்ணீர் அப்போதும் அவள் கெண்டைக்காலுக்குத்தான் இருந்தது. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. தோணியில் ஏறி, ஈரப் புடவையோடு உட்கார்ந்து, மரத்திலிருந்த மூன்று முடிச்சுகளையும் அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அப்பா மஞ்சள் பையிலிருந்து எனக்கு ஒரு கமர்கட்டு எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் உயிரைக் காப்பாற்றியதற்கான பரிசு என்று நினைத்து, அதைக் கடிக்காமல் வெகுநேரம் சப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னேன். கல்யாணமாகி எனக்கே இரண்டு பிறந்த பிறகும் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அம்மாவும் கூட உட்கார்ந்து கேட்பாள். ஒருமுறைகூட மறுத்ததில்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று கமர்கட்டு கரைந்த பிறகும் தோணி நகரவில்லை. நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அதே திட்டில் இறங்கின. அப்பாவும் சித்தப்பாவும் மறுபடி துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். தம்பி ஒரு கயிற்றை இழுத்தான், தங்கை ஒரு கயிற்றை இழுத்தாள். எனக்குச் சலித்துப்போனது.

"எப்பம்மா நவுரும்?" என்று கேட்டேன்.

அம்மா அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு அவர் இருக்குது" என்றாள்.

இவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கும் சலிப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.