முசிறிக் கடிதத்தில் நான் வெட்டிய பாதி

1. சிரிக்கிற கதையா, அழுகிற கதையா

"ஏங்க, இது சிரிக்கிற கதையா, அழுவுற கதையா? அட்டையில நகைச்சுவை நாவல்னு போட்டிருக்கீங்க."

அந்த நாவலுக்கு வந்த முதல் போன் இதுதான். தில்லை நகரிலிருந்து ஒருவர். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் காத்திருந்த நேரத்தில் படித்திருக்கிறார். நூறு பக்கம்வரை சிரித்துவிட்டு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கண் கலங்கிவிட்டதாம். பல்வலி என்று நினைத்து நர்ஸ் அவரை வரிசையை விட்டு முதலில் உள்ளே அனுப்பிவிட்டாராம். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நான்தான் என்றேன்.

உண்மையில் நான்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில் இருந்த சிறிய பதிப்பகத்தில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். காலையில் புரூஃப் பார்ப்பது, மாலையில் வாசகர்களுக்குப் பதில் எழுதுவது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'வாசகர் தொடர்புப் பிரிவு' என்று போட்டு ஒரு போன் நம்பர் இருக்கும். பிரிவு என்றால் ஏதோ பத்துப் பேர் உட்கார்ந்திருப்பதாக நினைப்பார்கள். ஜமீலா பேகமாகிய நான், ஒரு மேஜை, சத்தம் போடும் ஒரு ஃபேன், அவ்வளவுதான் பிரிவு.

நாவலின் பெயர் 'அழுதுட்டு வந்து சாப்பிடு'. எழுதியவர் லாரன்ஸ். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் இருந்தார், ஃபாக்டரியில் வேலை, அதிகம் பேசமாட்டார். கதையும் ஒரு குவார்ட்டர்ஸில்தான் நடக்கிறது. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பெண் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். மாப்பிள்ளை ஜெயபால் என்ன செய்கிறான் தெரியுமா? கொடுத்த பத்திரிகைகளை எல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்குகிறான். ஒரு வீட்டில் அதை ஊறுகாய் பாட்டிலுக்கு மூடியாகக் கட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், மொய்க் கவரை எடுத்து வைத்துவிட்டோம், அதையாவது வாங்கிக்கொள்ளேன் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அவன் வீடு திரும்பும்போது அம்மா ஆறுதல் சொல்வதில்லை. அழுதுட்டு வந்து சாப்பிடு என்று மட்டும் சொல்வாள்.

கையெழுத்துப் பிரதியைப் படித்தபோது நான் பஸ்ஸிலேயே சிரித்தேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் சிரிப்பதற்கு இடம் கிடைப்பதே பெரிது.

2. இரண்டு கட்டம் போட்ட நோட்டு

அந்த தில்லை நகர்க்காரருக்குப் பிறகு எனக்கு ஒரு ஆர்வம் பிடித்துக்கொண்டது. ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் 'சிரித்த இடம்', வலது பக்கம் 'நிறுத்திய இடம்'. யார் போன் செய்தாலும், எந்தப் பக்கத்தில் சிரித்தீர்கள், எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள் என்று கேட்பேன். வேலையில் யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

ஒரே புத்தகம்தான், ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் நின்றார்கள். சர்ச் ஸ்கூல் டீச்சர் ஒருவர் ஊறுகாய் பாட்டில் இடத்தில் நிறுத்தியிருந்தார். ஊரே சிரிக்கும் இடம் அது. ஏன் என்று கேட்டேன். நின்றுபோன தன் தம்பி கல்யாணத்தின் பத்திரிகை ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது என்றார். சவூதியில் தம்மாமில் வேலை பார்க்கும், என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் எங்கள் பாலக்கரைப் பையன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஒரு நிமிஷம் முழுக்கச் சிரிப்பு, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, பிறகு, "லாத்தா, அவருக்கு சலாம் சொல்லிடுங்க" என்று முடித்திருந்தான். ஒரு அப்பா மகனுக்காக வாங்கிப்போய்த் தானே படித்து முடித்துவிட்டு, மகனுக்கு இன்னொன்று அனுப்பச் சொன்னார். கொள்ளிடக்கரையிலிருந்து ஒரு அம்மா, காதல் தோல்வியைக் கேலி செய்ய உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று நன்றாகத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, இதே ஆள் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் கேட்டார்.

நோட்டு பாதி நிரம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாசகர்களை என்னைப்போல் தெரிந்தவர் திருச்சியில் கிடையாது என்றே நினைத்துக்கொண்டேன்.

3. ஃபாரமும் சிவப்புப் பேனாவும்

பதிப்பக வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகம் பக்கம் பக்கமாக அச்சாவதில்லை, ஃபாரம் ஃபாரமாக அச்சாகும். ஒரு ஃபாரம் பதினாறு பக்கம். லாரன்ஸின் நாவல் பதினைந்தாவது ஃபாரத்தில் முடிந்து நாலு பக்கம் காலியாக நின்றது. இரண்டாம் பதிப்பு போடும்போது அந்த நாலு பக்கத்தை வாசகர் கடிதங்களால் நிரப்பலாம் என்றார் எங்கள் முதலாளி ரங்கராஜன் சார்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடிதம் பாராட்டாகத்தான் தொடங்கும். எங்கேயாவது ஒரு 'ஆனால்' வரும். அதற்குப் பிறகு எழுத்து சிறிதாக இருக்கிறது, அட்டை கழன்றுவிட்டது, விலை அதிகம் என்று ஏதாவது இருக்கும். அந்த 'ஆனால்' என்ற சொல்லுக்கு முன்னால் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, மூன்று புள்ளி வைத்து, கீழே பெயரும் ஊரும் போட்டு அனுப்பிவிடுவேன். வருடக்கணக்கில் செய்து கை பழகிவிட்டது. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படிப்பதைக்கூட விட்டுவிட்டேன். அன்று அச்சகத்திலிருந்து ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு கடிதத்தையும் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாருடைய கடிதம் அச்சாகிறதோ அவர் வீட்டுக்கு ஒரு இலவசப் பிரதி போகும். அதையும் நானே கவரில் போட்டு அனுப்பினேன்.

4. முசிறியிலிருந்து வந்தவர்

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் மாடி ஏறி வந்தார். கையில் எங்கள் புத்தகம். முசிறி பஸ்ஸில் வந்ததாகவும், பெயர் கவிதா என்றும் சொன்னார். பக்கம் இருநூற்று முப்பத்தெட்டைப் பிரித்து என் மேஜைமேல் வைத்தார்.

அதில் இருந்தது இது: "முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் கல்யாணமும் நின்றது. ஆறு மாதம் நான் சிரிக்கவில்லை. உங்கள் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் சிரித்தேன். என்ன சத்தம் என்று அம்மா எட்டிப் பார்த்தார்... சு. கவிதா, முசிறி."

முசிறி மாதிரி ஊரில் பெயரும் ஊரும் போட்டால் யாரென்று தெரியாமலா போகும்? மன்னிச்சுக்குங்கம்மா, அடுத்த பதிப்பில் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

"பேரை எடுக்கச் சொல்லி வரலைங்க மேடம். மீதிப் பாதி எங்கன்னு கேக்க வந்தேன்."

நான் ஃபைலை எடுத்தேன். அவருடைய கடிதத்தில் என் சிவப்புக் கோடு நேராக, அழகாக இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை அவர் எதிரிலேயே முதல் தடவையாகப் படித்தேன்.

"ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் கல்யாணத்தை நிறுத்தியது நான்தான். ஜெயபாலை வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு இந்தப் புத்தகம் முழுவதும் ஒரு வரி பேச்சுகூட இல்லை. அவள் அன்று சாப்பிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அழுதுவிட்டுத்தான் சாப்பிட்டேன்."

பிறகு கவிதா நடந்ததைச் சொன்னார். கல்யாணம் நின்றதும் அவர் அம்மா, மாப்பிள்ளை வீட்டார்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். பெண் நிறுத்தினாள் என்றால் ஏசுவார்கள், பையன் நிறுத்தினான் என்றால் பரிதாபப்படுவார்கள். வீட்டில் வாய் திறக்க முடியாத உண்மையை கவிதா முகம் தெரியாத எங்களுக்கு எழுதியிருக்கிறார், பெயரும் ஊரும் போட்டே. நாங்கள் அனுப்பிய இலவசப் பிரதியை அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, பாருங்கள், என் பெண் பட்ட வேதனை புத்தகத்திலேயே வந்துவிட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியிருக்கிறார். அப்படிப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வரன் வந்திருக்கிறது. அடுத்த வாரம் நிச்சயதார்த்தம்.

"அவர்கிட்ட நானே சொன்னேன் மேடம், நிறுத்தினது நான்தான்னு. நம்பலை. வருத்தத்துல ரோஷமா பேசறேன்னு நினைச்சுக்கிட்டாரு. அச்சுல வேற மாதிரி இருக்கேங்கறாரு."

அவர் அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஒருத்தி தன் வாயால் சொன்னதைவிட நான் வெட்டியதை ஒரு மனிதர் நம்புகிறார் என்றால், அந்த மேஜையில் நான் என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்? எனக்கு அவமானமாக இருந்தது.

5. பிழை திருத்தம்

ரங்கராஜன் சாரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. "கடுதாசின்னா விளம்பரம்தானேம்மா. விளம்பரத்துல யாரானும் குறையைச் சேர்த்துப் போடுவாளா? அந்தக் குழந்தைகிட்ட ஒரிஜினலைக் கொடுத்து அனுப்பிடுங்கோ, போறும்" என்றார். அசல் கடிதத்தைக் கொடுத்தால் கவிதா அதை நேற்று எழுதியதாக அந்த வரன் சொல்லமாட்டாரா என்று கேட்டேன். அச்சில் வந்ததை அச்சில்தான் திருத்த வேண்டும் என்றேன். மீதிப் பிரதிகளுக்கெல்லாம் பிழை திருத்தச் சீட்டு அடித்துச் செருகலாம் என்றேன். அச்சான பிறகு தெரியவரும் தவறுகளுக்கு அப்படி ஒரு சிறிய சீட்டு வைப்பது பதிப்பகங்களில் வழக்கம்.

"அது எழுத்துப் பிழைக்குப் போடறதும்மா."

"இது என் பிழை சார். என் பேரையும் போட்டுக்கலாம்."

அவர் முடிவு சொல்லாமல் லாரன்ஸுக்குப் போன் போட்டார். நான் முழுக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். ஜெயபாலுக்கு நடந்தது லாரன்ஸுக்கு நடந்ததுதான் என்று எங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். கடிதத்தைக் கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்.

"மேடம், இருநூத்தி முப்பத்தாறு பக்கம் எழுதியிருக்கேன். அந்தப் பொண்ணு அன்னிக்குச் சாப்பிட்டுச்சான்னு எனக்குத் தோணவே இல்லை. சீட்டு போடுங்க. அவங்க கேட்டது நியாயம்னு நான் சொன்னதாவும் போடுங்க."

அன்று மதியமே சீட்டு அடித்தோம். "பிழை திருத்தம். பக்கம் 238, சு. கவிதாவின் கடிதத்தில் எங்கள் கவனக்குறைவால் விடுபட்ட பகுதியைக் கீழ்க்கண்டவாறு சேர்த்துப் படிக்கவும்" என்று தொடங்கி, அவர் எழுதியது அப்படியே. அதன்கீழ் லாரன்ஸின் ஒரு வரி. முதல் பிரதியில் நானே செருகிக் கொடுத்தேன். கவிதா ஃபைலில் இருந்த தன் கடிதத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். புரூஃப் ரீடராக எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகுதான் முசிறி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அவர் போனபின் என் நோட்டைத் திறந்தேன். ஊரில் உள்ளவர்களை எல்லாம் எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள் என்று கேட்டவள், நான் நிறுத்திய இடத்தை மட்டும் குறிக்கவில்லை. வலது பக்கத்தில் எழுதினேன்: "ஜமீலா. 'ஆனால்' என்ற இடத்தில்."

பத்து நாள் கழித்து கவிதா போன் செய்தார். நிச்சயதார்த்தம் என்ன ஆனது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார். அந்த வரன் சீட்டைப் படித்தாராம், இந்தத் தடவை நம்பினாராம். கோபப்படவும் இல்லையாம்.

"நமக்குள்ள தெரிஞ்சா போதும், வெளியில அந்தப் பையன்தான் விட்டுட்டுப் போனான்னே இருக்கட்டும்னாரு மேடம். சீட்டை எடுத்துத் தனியா வச்சுக்கிட்டு, புத்தகத்தை மட்டும் அவங்க அம்மாகிட்ட கொடுத்தாரு."

"அப்புறம்?"

"வேண்டாம்னுட்டேன். அடுத்த பதிப்பு எப்ப மேடம்? இதையும் நான்தான் நிறுத்தினேன்னு ஒரு வரி சேர்க்கணும்."

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டேன்.

"சாப்பிட்டேன் மேடம். இந்தத் தடவை அழுவல, நேரா சாப்பிடத்தான் போனேன்."

மூன்றாம் பதிப்பில் அந்த வரியும் இருக்கிறது, பெயரும் ஊரும் போட்டு, மூன்று புள்ளி இல்லாமல். ஓய்வு பெற்ற பிறகும் பதிப்பகத்திலிருந்து எப்போதாவது எனக்கு ஒரு வாசகர் கடிதத்தை அனுப்பி யோசனை கேட்பார்கள். வந்ததும் முதலில் 'ஆனால்' எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.