பாண்டியம்மாளின் ஒற்றை ஓட்டு

தேனி, காலை 8.20. 2006 அக்டோபர் மாதக் கடைசி. சுருளி அருவி பார்க்க ஆரணியிலிருந்து வந்த நான் கம்பம் பேருந்தில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் பன்னிரண்டு ரூபாய்.

பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண். வீரபாண்டி தாண்டியதும் அவராகவே பேச்சுக் கொடுத்தார். பெயர் பாண்டியம்மாள். வழியிலுள்ள ஒரு பேரூராட்சியின் நாலாவது வார்டில் சுயேச்சையாக நின்று ஜெயித்தவர். ஆதரவு கேட்டு வந்தவர்களின் தொல்லை தாங்காமல் மூன்று நாளாகத் தேனியில் தங்கை வீட்டில் இருந்திருக்கிறார்.

"இன்னைக்குத் தலைவர் எலெக்‌ஷன்க்கா. போன தடவ ஊரே நேரா ஓட்டுப் போட்டுச்சு. இப்ப மெம்பருக பதினஞ்சு பேருதேன் போடணுமாம்."

போட்டி இரண்டு உறுப்பினர்களுக்குள். பழைய தலைவர் சரோஜா, புதியவர் இந்திராணி. ஆளுக்கு ஏழு பேர் ஆதரவு. மிச்சம் பாண்டியம்மாள்.

"ஊருல யாரக் கேட்டாலும் சரோஜாக்காதேங்கிறாக. எந் தெருவுல மட்டும் இந்திராணிங்கிறாக. அஞ்சு வருசமா எங்களுக்குக் குழாய் வரலைல்ல. என்னய ஜெயிக்க வச்சது தெரு. தலைவரு வரப்போறது ஊருக்கு. நா யாருக்காகப் போடணும்?"

தெருவுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் ஊர்? குழம்பிப்போய், "உங்க மனசுக்குப் பட்டபடி போடுங்க" என்றேன்.

"எம் மனசுக்காகவா எனக்கு ஓட்டுப் போட்டாக?"

சன்னலுக்கு வெளியே வாழைத் தோப்புகள் ஓடின. சின்னமனூர் தாண்டி அவர் இறங்கினார். அருவியை மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் இறங்கிவிட்டேன்.

பகல் 11.30. பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். முடிவு வந்தது. இந்திராணி எட்டு, சரோஜா ஏழு. வெடி வெடித்தது. நாலாவது வார்டுக்காரர்கள் ஓடிவந்து, வெளியே வந்த பாண்டியம்மாளுக்கு மாலை போட்டார்கள்.

"ஆத்தா, குழாயக் கொண்டாந்துட்டியே!" என்று ஒரு பெண் அவர் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

சரோஜா கடந்து போனார். பாண்டியம்மாள் கும்பிட்டார். சரோஜா திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் சற்று விலகியதும் பாண்டியம்மாள் என் கையைப் பிடித்தார். முகம் வெளிறியிருந்தது.

"நா சரோஜாக்காவுக்குத்தேன் போட்டேன்."

எனக்குக் கணக்கு உதைத்தது. அப்படியானால் சரோஜாவின் ஏழு பேரில் ஒருவர் மாறிப் போட்டிருக்க வேண்டும்.

"ரகசிய ஓட்டுல்ல, யாருன்னு தெரியலக்கா. நெசத்தச் சொன்னா எந் தெரு என்னய மதிக்காது. சொல்லாட்டி சரோஜாக்கா என்னயத்தேன் நெனப்பாக."

"சொல்லிவிடுங்கள்" என்றும் தோன்றியது, "வேண்டாம்" என்றும் தோன்றியது. அதற்குள் தெருக்காரர்கள் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

12.40க்குக் கம்பம் பேருந்து வந்தது. எங்கள் ஆரணியிலும் அன்று இதே தேர்தல்தான். எங்கள் வார்டு உறுப்பினருக்கு ஓட்டுப் போட்டவள் நான். யாரைத் தலைவராக்கப் போகிறீர்கள் என்று ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. இனிக் கேட்டாலும், அவர் சொல்வதை நம்புவேனா என்பது கம்பம் வந்து சேரும்வரை எனக்குத் தெரியவில்லை.